‘ஆகையால்’ என்று சொல்லுமுன்



2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கார் அறுவடை முடிந்து, பிசானத்துக்கு நாற்றுப் பாவிக் கொண்டிருந்த நாட்கள். ஒரு மாலை நேரத்தில் நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர், பிளஸ் டூ படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். மகளின் கையில் தடித்த புத்தகங்கள் நான்கு இருந்தன. தகப்பனாரின் முகத்தில் கவலை இருந்தது.

“சாமி, இவ வக்கீலுக்குப் படிக்கணுங்கா. அதுக்கு ஒரு பரீட்சை இருக்காம். அவ அம்மா பீடி சுத்திச் சேத்த காசெல்லாம் ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கட்டியாச்சு. புத்தகத்தைக் கொடுத்துட்டு அவங்க கடமை முடிஞ்சதுன்னு இருந்துட்டாங்க. அதுல தர்க்கம்னு ஒரு பகுதி வருதாம். நீங்க குருமடத்துல அதைப் படிச்சிருப்பீங்கன்னு கூட்டியாந்தேன்.”

படித்தோம்தான். ஆனால் அது முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கதை. அந்த நாட்களில் தத்துவ இயலின் வாசற்படியாகத் தர்க்கத்தையே முதலில் வைத்தார்கள். ‘மனிதர் அனைவரும் சாவுக்குரியோர், சாக்ரடீஸ் மனிதர், ஆகையால் சாக்ரடீஸ் சாவுக்குரியவர்’ என்று நாம் உருப்போட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களுக்கிடையில் எங்கோ மறைந்து போயிருந்தது. எனினும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, ‘முடியாது’ என்று சொல்ல மனம் வரவில்லை. “நாளை முதல் செபமாலை முடிந்ததும் வா மகளே, இருவருமாகப் படிப்போம்” என்றோம்.

நம் குடும்பங்களில் வேறு பிள்ளைகளும் இத்தேர்வை எழுத விரும்பக்கூடும். ஆதலால் முதலில் தேர்வைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்லிவிடுவோம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி நடத்தும் பொது நுழைவுத் தேர்வு இது. ‘கிளாட்’ என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. நம் மாநிலத்தில் திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும், நாடெங்கும் உள்ள மற்ற இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களும் இதன் வழியாகவே மாணவரைச் சேர்க்கின்றன. 120 நிமிடங்களில் 120 வினாக்கள். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். ஆங்கிலம், நடப்புச் செய்திகள், சட்ட ஆய்வு, தர்க்க ஆய்வு, கணக்கு என ஐந்து பகுதிகள். இவற்றுள் தர்க்கப் பகுதிக்கு 22 முதல் 26 வினாக்கள், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2020-ஆம் ஆண்டு முதல் தனித்தனிப் புதிர்கள் முக்கியமல்ல. சுமார் 450 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்து, அதன்மேல் வினாக்களைத் தொடுக்கிறார்கள். ஆசிரியர் நிலைநாட்ட விரும்புவது யாது? அவர் சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது எது? அவர் வாதத்தைத் தளர்த்துவது எது, உறுதிப்படுத்துவது எது? இவைதாம் கேள்விகள்.

முதல் நாள் ஒரு பகுதியைச் செய்து பார்த்தாள். ஆறு வினாக்களில் நான்கு தவறு. “ஏன் இந்த விடையைத் தேர்ந்தாய்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: “அது உண்மைதானே சாமி!” உண்மைதான். ஆனால் அந்தப் பகுதியில் அது சொல்லப்படவில்லை. தனக்கு வெளியில் தெரிந்ததைப் பகுதிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நீதிபதி ஒருவர் தம் தெருவில் கேட்ட பேச்சை வைத்துத் தீர்ப்பெழுதலாமா? தம்முன் வைக்கப்பட்ட சாட்சியத்தை வைத்தன்றோ எழுதவேண்டும்? தர்க்கப் பகுதியின் முதற் பாடம் அதுவே. கொடுத்ததற்குள் நில்.

அடுத்து, முடிவு எது, காரணம் எது என்று பிரித்தறியும் பயிற்சி. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னும் ‘ஆகையால்’ என்னும் சொல்லை வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு ‘ஏனெனில்’ என்பதை வைத்துப் பார்க்கவேண்டும். எது ‘ஆகையால்’ என்பதோடு இயல்பாகப் பொருந்துகிறதோ அது முடிவு. ‘ஏனெனில்’ என்பதோடு பொருந்துவது காரணம். முடிவு எப்போதும் கடைசி வாக்கியமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டு, பிறகு காரணங்களை அடுக்கும் எழுத்தாளர் பலர்.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் எண்ணவேண்டாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கப் பாடமே நடத்துகிறார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது நாட்டவேண்டிய கூற்று. புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது எடுத்துக்காட்டு. நெருப்பும் புகையும் சேர்ந்திருப்பதை நம் வீட்டு அடுக்களையில் பார்த்திருக்கிறோம். ஆகவே மலையிலும் கொள்ளுகிறோம். தமிழனின் காப்பியத்துக்குள்ளேயே இந்தப் பாடம் இருந்திருக்கிறது. நாம்தான் அதைத் தேர்வுக்கான பாட்டு என்று எண்ணிப் புரட்டிவிட்டுப் போனோம்.

மூன்றாவது பாடம் சற்றுக் கடினமானது: ‘இப்படியானால் அப்படி’ என்னும் கூற்றுகள். இதற்கு நம் ஆற்றையே எடுத்துக்கொண்டோம். ‘பாபநாசம் அணையைத் திறந்தால் நம் கால்வாயில் தண்ணீர் வரும்’ என்பதை உண்மையென்று வைத்துக்கொள்வோம். அணை திறந்தாயிற்று என்றால், தண்ணீர் வரும் என்பது உறுதி. தண்ணீர் வரவில்லை என்றால், அணை திறக்கவில்லை என்பதும் உறுதி. ஆனால் தண்ணீர் வந்துவிட்டது, ஆகையால் அணை திறந்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? கூடாது. மலையில் பெய்த மழையால் ஓடைகள் பெருகியும் தண்ணீர் வந்திருக்கலாம். அப்படியே, அணை திறக்கவில்லை, ஆகையால் தண்ணீர் வராது என்பதும் நில்லாது. நான்கில் இரண்டு சரி, இரண்டு தவறு. விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல்லிக் கொடுப்பதைவிட, கால்வாய்க் கரையில் நின்று சொல்லிக் கொடுப்பது எளிது.

நான்காவது பாடம், ஒன்றன்பின் ஒன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு செய்யாதிருத்தல். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பொருநை பொங்கி வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். ‘அணையைத் திறந்தார்கள், ஊர் மூழ்கியது’ என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டார்கள். ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அணைக்குக் கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும் இத்தனை மழை கொட்டியிருக்கும்போது, வெள்ளம் முழுவதையும் அணையின் தலையில் வைப்பது எப்படி? அணைக்குப் பங்கே இல்லை என்றும் இதனால் சொல்லிவிட முடியாது. எவ்வளவு எதனால் என்பதை அளந்துதான் சொல்லவேண்டும். ‘இவ்வாதத்தைத் தளர்த்துவது எது?’ என்னும் வினாவுக்கு அநேகமாக இதுவே விடை: வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்று காட்டும் செய்தி. புனித அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றினோம், தொலைந்த சாவி கிடைத்தது என்று நம் தாய்மார் நன்றி சொல்லுகிறார்கள். நன்றி சொல்லுவது நல்லதே. ஆனால் தேர்வுத் தாளில் அதை நிரூபணமாக எழுதினால் அந்தோணியாரும் மதிப்பெண் வாங்கித் தரமாட்டார்.

ஐந்தாவது பாடத்தைச் சொல்லும்போதுதான் நமக்கே பாடம் கிடைத்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

செப்டம்பர் மாதம் மாதா திருவிழா முடிந்து கணக்குப் பார்த்தபோது, வரிப்பெட்டியில் 18,500 ரூபாய் குறைந்தது. திருவிழாக் கமிட்டியார் இரண்டு முறை எண்ணினார்கள். பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாருடைய பார்வையும் கோயில்பிள்ளையின் வீட்டுப் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக மணியடித்து, பீடத் துணி விரித்து, விளக்கேற்றி வரும் மனிதர் அவர். ‘சாவியில்லாமல் பெட்டியைத் திறக்கமுடியாது. சாவி அவரிடம் இருக்கிறது. போதாக்குறைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம் வேறு வருகிறது. ஆகையால்...’ அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வது என்று பேச்சு எழுந்தது. நாம் அதை மறுக்கவில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதுகிறோம். பாரபட்சமில்லாமல் நடப்பதாக எண்ணிக்கொண்டு மௌனமாயிருந்தோம்.

இந்த வேளையில்தான் அந்தப் பெண்ணுக்குச் ‘சொல்லாமல் நம்பியது’ என்னும் பாடத்தை நடத்தினோம். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். பாண்டிமாதேவியின் சிலம்பு காணவில்லை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது. ஆகையால் கோவலன் கள்வன். மன்னனின் இந்த வாதத்தில் சொல்லப்படாத கூற்று எது? ‘அந்தச் சிலம்பும் இந்தச் சிலம்பும் ஒன்றே’ என்பதுதான். அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. அதனாலேயே யாரும் சோதித்துப் பார்க்கவுமில்லை. கண்ணகி வந்து அந்த ஒரு கூற்றைத்தான் உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். சொல்லாமல் நம்பியதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: சந்தேகப்படும் கூற்றை மறுத்துப் பார்க்கவேண்டும். ‘இரண்டும் ஒன்றல்ல’ என்று வைத்தவுடன் வாதம் முழுவதும் சரிகிறதல்லவா? அப்படிச் சரிந்தால் அந்தக் கூற்றின்மேல்தான் வாதம் நின்றிருந்தது என்று பொருள்.

அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு தயக்கத்தோடு கேட்டாள்: “சாமி, கோயில் பணத்தை எடுத்துட்டாங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. பணம் இல்லைங்கது நமக்குத் தெரியும். எடுத்தாங்கங்கது யாருக்குத் தெரியும்?”

நாம் விடை சொல்லவில்லை. சாவி வேண்டும் என்பது உண்மை. ஆனால் சாவி இருந்தால் போதும் என்பது வேறு கூற்று. சாவிகள் மூன்று. ஒன்று கோயில்பிள்ளையிடம், ஒன்று கமிட்டிப் பொருளாளரிடம், மற்றொன்று நம்முடைய மேசை இழுப்பறையில். ‘சாவியுள்ளவர் எடுத்தார்’ என்னும் வாதம் சரியானால், அது நம்மையும் சேர்த்தே குற்றஞ்சாட்டுகிறது. அவரை மட்டும் சுட்டியது தர்க்கமன்று, அவருடைய ஏழ்மை. இது நமக்குப் புரிந்த அந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் திருவிழா நாட்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். கொடியிறக்கத்தன்று இரவு, ஒலிபெருக்கிக்காரர் அவசரமாகப் புறப்பட நின்றார் என்பது நினைவுக்கு வந்தது. கமிட்டி உறுப்பினர் ஒருவர் நம்மிடம் சாவி கேட்டார். களைப்பில் இழுப்பறையைக் காட்டினோம். அவர் மறுநாள் அதிகாலையில் தம் கடையைப் பார்க்க மும்பைக்கு இரயில் ஏறிவிட்டார். தொலைபேசியில் அழைத்தோம். “ஆமா சாமி, பாக்கிப் பணம் 18,500 கொடுத்தேன். ரசீது என் சட்டைப் பையில இருக்கு. பொருளாளர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்” என்றார். ரசீது தபாலில் வந்தது.

திருடன் இல்லை. திருட்டே இல்லை. சாவியைக் கொடுத்தவர் நாமே. அந்த ஞாயிறு பூசையின் முடிவில் சபையின் முன்னால் இதைச் சொல்லிக் கோயில்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். கமிட்டியாரும் எழுந்து நின்றனர். மூன்று வாரங்களாகத் தேநீர்க் கடைப் பக்கம் போகாமல், தலை குனிந்து கோயிலுக்கும் வீட்டுக்கும் மட்டுமே நடந்து கொண்டிருந்த அந்த மனிதர், “பரவாயில்லை சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு, மெழுகுதிரிகளை அணைக்கப் போனார். பரவாயில்லை என்று அவர் சொல்லலாம். நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

தானியேல் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாற்றை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! மூப்பர் இருவர் சொன்னார்கள் என்பதற்காகச் சபை முழுவதும் அவளைச் சாவுக்குத் தீர்ப்பிட்டது. இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்டான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி ஓர் உயிரைக் காத்தது. மூப்பர்கள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்பதே அச்சபை சொல்லாமல் நம்பிய கூற்று. இவ்வதிகாரத்தைப் பிரசங்கத்தில் விளக்கியவர்கள்தாம் நாம். எனினும் நம் பங்கில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பிளஸ் டூ மாணவி வேண்டியிருந்தது.

சட்டக் கல்வியின் வாசலில் தர்க்கத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்போருக்கு இதுவே நம் விடை. ஒரு வக்கீலின் பிழையான ‘ஆகையால்’ ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பும். மேல்முறையீடு என்பதே, ஒரு நீதிபதி எழுதிய ‘ஆகையால்’ சரிதானா என்று மற்றொரு நீதிபதி பார்ப்பதற்குத்தானே? 1908-ஆம் ஆண்டு நம் திருநெல்வேலியில் வ.உ. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவரும் வக்கீலே.

இனி, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில நடைமுறை யோசனைகள். நாளொன்றுக்கு ஒரு பகுதி போதும். ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாது. முதல் ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம். சரியாகச் செய்யப் பழகிய பிறகே விரைவாகச் செய்யப் பழகவேண்டும். அதன்பின் ஆறு வினாக்கள் கொண்ட ஒரு பகுதிக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். தவறிய வினாக்களுக்கென்று தனிக் குறிப்பேடு ஒன்று வேண்டும். அதில் சரியான விடையை மட்டும் எழுதுவது வீண். தாம் தேர்ந்த விடை ஏன் தவறு என்பதைத் தம் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும். தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. நம் மாணவியின் குறிப்பேட்டில் மூன்று வாரங்களில் ஒரு வாக்கியமே திரும்பத் திரும்ப வந்தது: ‘பகுதியில் சிலர் என்றிருக்க, அனைவரும் என்று வாசித்தேன்.’ நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. ‘சில’, ‘பல’, ‘எல்லாம்’, ‘மட்டும்’ என்னும் சொற்களைக் கண்டவுடன் அடிக்கோடிடப் பழகினாள்.

ஆங்கிலம் தடையாயிருப்போர் நாள்தோறும் ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றை வாசித்து, அதன் முடிவு என்ன, காரணங்கள் என்ன என்று வீட்டாருக்குத் தமிழில் சொல்லவேண்டும். புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் நூலில் எதிர்த்தரப்பின் வாதங்களையே முதலில் எழுதி, பிறகுதான் தம் கருத்தைச் சொல்லுவார். அதுபோலத் தலையங்கத்துக்கு ஒரு மறுப்பையும் யோசித்துச் சொன்னால், அரைப்பாடம் படித்தது போலாகும்.

கால் மதிப்பெண் குறைவதற்குப் பயந்து விடை எழுதாமல் விடுவோர் பலர். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு விடைகளில் இரண்டைத் தவறென்று தள்ளிவிட்டு, மீதியில் ஒன்றைக் குறிக்கும் வினாக்கள் 12 என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 6 சரியாகும், 6 தவறாகும். 6 மதிப்பெண் வரும், ஒன்றரை போகும், நாலரை நிற்கும். ஒன்றையும் தள்ள முடியாமல் குருட்டாம்போக்காகக் குறித்தாலோ, சராசரியாக 3 சரி, 9 தவறு. நிற்பது முக்கால் மதிப்பெண்தான். எனவே இரண்டையேனும் தள்ளக் கற்றவன் அஞ்சவேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். நவம்பர் மாதம் அந்தத் தகப்பனார் மறுபடி வந்தார். “சாமி, நல்லாப் படிக்கா. ஆனா இப்ப எல்லாத்துக்கும் ‘ஏன்’னு கேக்கா. எதிர்த்துப் பேசுத மாதிரி இருக்கு” என்றார். நாம் மகளிடம், “கேள்வி கேட்கலாம், கேட்கும் குரலைப் பார்த்துக்கொள். தகப்பனாரை வெல்வதற்கன்று, உண்மையைக் காண்பதற்கே தர்க்கம்” என்றோம். தகப்பனாரிடம், “அவள் கேட்ட ஒரு கேள்வியால்தான் இன்று நம் கோயிலில் மணி அடிக்கிறது” என்றோம். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதிகாலைப் பூசை கண்டு தந்தையும் மகளும் பஸ் ஏறினார்கள். தர்க்கப் பகுதியை நன்றாகவே செய்திருந்தாள். ஆங்கிலமும் நடப்புச் செய்திகளும் கைகொடுக்கவில்லை. திருச்சிக்குப் போகுமளவு இடம் கிடைக்கவில்லை. அந்தத் தேர்வின் சில விடைகளே பிழை என்று மாணவர் சிலர் தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றதும், அம்மாதமே இரண்டு விடைகளில் பிழையுண்டு என்று நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்ததும், வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றதும் பத்திரிகைகளில் வந்தன. அதை அவளே வந்து நமக்கு வாசித்துக் காட்டினாள். கேள்வி கேட்பவரையும் கேள்வி கேட்கலாம் என்று அறிந்ததில் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி.

நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை, ஆகையால் வக்கீலாக முடியாது என்று அவள் வீட்டார் சோர்ந்து போனார்கள். அதுவும் பிழையான ‘ஆகையால்’ அல்லவா? நம் மாநிலத்து அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். நம் திருநெல்வேலியிலேயே 1996-ஆம் ஆண்டு முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது. இப்போது நாள்தோறும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

குடும்பத்தாரே, உங்கள் வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளை இல்லாமலிருக்கலாம். ஆனால் ‘ஆகையால்’ என்னும் சொல் இல்லாத வீடு இல்லை. மருமகள் முகம் வாடியிருக்கிறது, ஆகையால் நம்மேல் கோபம். பையன் தாமதமாக வந்தான், ஆகையால் கெட்ட சகவாசம். பக்கத்து வீட்டார் பேசவில்லை, ஆகையால் பகை. இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், அன்று நீங்கள் சொன்ன ஓர் ‘ஆகையால்’ எது என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் சொல்லாமல் நம்பியது எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நாமும் கேட்டுக்கொள்கிறோம். பெட்டிச் சாவி இப்போதும் நம் இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுப்பவர் பெயரை எழுத, அதன் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்.